பத்திரிகையாளர் மாடத்தில் நமக்கொரு நாற்காலி

“எக்கா, ஸ்போர்ட்ஸ் ரிப்போர்ட்டர் ஆவணும்னா என்ன படிக்கணும்?”

இராஜாக்கமங்கலத்தில் எங்கள் தெருத் தங்கச்சி ஒருத்தி போன மாதம் கேட்டாள். கல்லூரிக்காக 800 மீட்டர் ஓடுகிறவள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பத்து வருடங்களுக்கு முன் இதே ஆசையோடு அலைந்தவள் நான். நானும் 800 மீட்டர்தான் ஓடினேன். ஒரு நாளிதழின் நேர்காணலில் என் ஓட்டத்தைப் பற்றியும் கேட்கவில்லை, எழுத்தைப் பற்றியும் கேட்கவில்லை. “ஊர்ல எந்தத் தெரு? எந்த சர்ச்சு?” என்றார்கள். குமரி மாவட்டத்தில் இந்த இரண்டுக்கும் பதில் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி. “ஸ்போர்ட்ஸ் பக்கத்துக்கு ஆள் இருக்கு. புரூஃப் பாக்குறீங்களா?” என்று முடித்துக்கொண்டார்கள். நான் முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்துவிட்டேன்.

தங்கச்சிக்கு வெண்டல் ஸ்மித்தின் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

1914-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்த கறுப்பினத்தவர் ஸ்மித். பேஸ்பாலில் பந்துவீச்சாளர். 1933-இல், 19 வயதில், தன் அணியை 1-0 என்று ஜெயிக்க வைத்தார். ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்த தொழில்முறை அணியின் ஆள் அவரிடம் வந்து, உன்னையும் சேர்த்துக்கொள்ள ஆசைதான், முடியாதே என்று வருத்தப்பட்டார். பிறகு அதே ஆட்டத்தில் ஆடிய வெள்ளை இளைஞர்களை ஒப்பந்தம் செய்துகொண்டு போனார். கறுப்பினத்தவரைப் பெரிய அணிகளில் சேர்ப்பதில்லை என்பது அன்றைய எழுதாத சட்டம். கறுப்பின ஆட்டக்காரர்களுக்காக ஏதாவது செய்தே தீர்வது என்று அன்றைக்கே முடிவெடுத்ததாக ஸ்மித் பின்னாளில் சொன்னார்.

மேற்கு விர்ஜீனியா மாநிலக் கல்லூரியில் பேஸ்பாலும் கூடைப்பந்தும் ஆடினார். 1937-இல் பட்டம் பெற்று, கறுப்பின மக்களின் வார ஏடான ‘பிட்ஸ்பர்க் கூரியர்’இல் சேர்ந்தார். கறுப்பினத்தவரைச் சேர்த்தால் வெள்ளை வீரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது மேலே இருந்தவர்கள் சொல்லிவந்த சாக்கு. 1939-இல் ஸ்மித் நேஷனல் லீக்கின் 8 அணி மேலாளர்களையும் 40 வீரர்களையும் நேரில் கேட்டு எழுதினார். பெரும்பாலானோர் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்றார்கள். சாக்கு உடைந்தது. “எனக்கு ஒண்ணுமில்ல, ஊர்க்காரங்கதான் ஒத்துக்க மாட்டாங்க” என்று நம்மிடம் எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்? அந்த ஊர்க்காரர்களிடம் போய்க் கேட்ட நிருபர் எத்தனை பேர்?

1945 ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் உட்பட மூன்று வீரர்களை பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் தேர்வுக்கு அழைத்துப் போனார். ஆடவிட்டுப் பார்த்தார்கள், பிறகு கூப்பிடவே இல்லை. புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் பிராஞ்ச் ரிக்கி, யாரைச் சேர்க்கலாம் என்று கேட்டபோது ஸ்மித் ராபின்சன் பெயரைச் சொன்னார். 1947 ஏப்ரல் 15 அன்று ராபின்சன் களம் இறங்கினார். நிறத்தடை உடைந்த நாள் என்று உலகம் அதைக் கொண்டாடுகிறது.

ஸ்மித் எங்கே உட்கார்ந்திருந்தார்? பேஸ்பால் எழுத்தாளர் சங்கம் அவரை உறுப்பினராக்க மறுத்திருந்தது. நிறத்தைக் காரணம் சொல்லவில்லை. தினசரிகளில் எழுதுபவர்களுக்கு மட்டுமே அனுமதி என்றார்கள். கறுப்பின ஏடுகள் பெரும்பாலும் வார ஏடுகள், வெள்ளைத் தினசரிகளோ கறுப்பினத்தவரை வேலைக்கு எடுப்பதில்லை. விதி பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். வெட்டு மட்டும் குறிபார்த்து விழும். தகுதி என்ற சொல் நம் நாட்டில் செய்வதும் இதைத்தான். பத்திரிகையாளர் மாடத்தில் இடமில்லாமல் பார்வையாளர்களுக்கு நடுவே உட்கார்ந்து எழுதினார் ஸ்மித்.

ராபின்சனோடு பயணம் செய்த காலத்தில் ரிக்கியிடம் வாரம் 50 டாலர் ஸ்மித் வாங்கினார். இதழியல் வகுப்பில் இதை நடுநிலை தவறியது என்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான், மறைக்க மாட்டேன். ஆனால் ஓர் இனத்தையே வெளியே நிறுத்திய ஆட்டத்தை வருடக்கணக்கில் வெறும் ஸ்கோராக எழுதிய வெள்ளை நிருபர்களின் நடுநிலையை அந்த வகுப்பு என்றைக்காவது விசாரித்ததா?

பிறகு சிகாகோவின் வெள்ளைத் தினசரி ஒன்றில் சேர்ந்தார், 1948-இல் சங்கத்திலும் இடம் கிடைத்தது. அதோடு அடங்கிவிடவில்லை. பயிற்சி முகாம்களில் கறுப்பின வீரர்களைத் தனி விடுதிகளில் தங்கவைப்பதை எதிர்த்து 1961-இல் தொடர்ந்து எழுதினார். 1972-இல், ராபின்சன் இறந்த ஒரு மாதத்தில், அவரும் இறந்தார். 1993-இல் அதே சங்கம் அவருக்கு உயரிய விருதைக் கொடுத்தது. அந்த விருது நிறப் பிரிவினையை ஆதரித்து எழுதவிட்ட பதிப்பாளர் ஸ்பிங்கின் பெயரில் இருந்தது. 2021-இல்தான் பெயரை நீக்கினார்கள்.

இனி நம் பக்கம் வருவோம். தலித் பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலூ 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கும் மேல் விக்கெட் எடுத்தவர். பூனாவில் அவருக்குத் தேநீர் பெவிலியனுக்கு வெளியே, தனி மண் குவளையில். அணித்தலைமை கடைசிவரை தரப்படவில்லை. களத்தில் நமக்குப் பாலூக்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். நமக்கு வாய்க்காதவர் ஸ்மித்.

1996-இல் ‘வாஷிங்டன் போஸ்ட்’ நிருபர் கென்னத் கூப்பருக்கு தலித் பத்திரிகையாளர் ஒருவரைச் சந்திக்க வேண்டியிருந்தது. கூப்பர் கறுப்பினத்தவர். அவருக்காகத் தேடிய பி.என். உனியால், மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற 686 பேரின் பட்டியலைப் புரட்டியும் ஒருவரைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. 2019-இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் ஊடகங்களின் 121 தலைமைப் பொறுப்புகளை ஆராய்ந்தன. 106 இடங்களில் உயர்த்தப்பட்ட சாதியினர். தலித், பழங்குடி ஒருவர்கூட இல்லை.

தோள்சீலைக்காகப் போராடி 1859-இல் திருவிதாங்கூர் அரசைப் பணியவைத்த மண் இது. அந்தப் போராட்டத்தின் வாரிசுகளாகப் பெருமை பேசும் இதே ஊர்களில்தான் இன்று “எந்தத் தெரு?” என்று கேட்கிறார்கள். இதைச் சொல்லாமல் வெள்ளையரை மட்டும் திட்டுவது வசதியான வேலை.

செய்தி நிறுவனங்கள் தங்கள் ஆசிரியர் குழுவின் சமூகக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். விளையாட்டுப் பக்கமும் அதில் அடங்க வேண்டும். அரசு விளம்பரப் பணம் வாங்குகிற நிறுவனத்திடம் இதைக் கேட்பது அதிகமில்லை.

கதையைக் கேட்டு முடித்த தங்கச்சி, “அப்போ நீங்க ஏன்க்கா விட்டுட்டீங்க?” என்றாள். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அவளுடைய முதல் கட்டுரையைத் திருத்திக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். மாவட்டத் தடகளப் போட்டியைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறாள்.