மலிவு விலைக்கு யார் பொறுப்பு?

சிங்கப்பூரில் 2020 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் வீடுகளுக்கான மின்கட்டணம், பொருள் சேவை வரி நீங்கலாக, யூனிட்டுக்கு 19.60 காசு. ஈராண்டு கழித்து, 2022இல் அதே காலாண்டில் 30.17 காசு. மாதம் 350 யூனிட் செலவாகும் வீட்டில் 68 வெள்ளி 60 காசாக இருந்த கட்டணம் 105 வெள்ளி 60 காசைத் தொட்டது. குளிரூட்டியை ஒரு மணி நேரம்கூட அதிகமாக ஓட்டாமலேயே 37 வெள்ளி கூடிவிட்டது. சம்பளத்தை இழுத்துப் பிடித்துக் குடும்பம் நடத்துபவர்களுக்கு அது சில்லறைக் காசு அல்ல.

அந்த ஏற்றத்துக்குப் பிறகுதான் விலையை ஓராண்டு, ஈராண்டுக்குப் பூட்டி வைப்பதா, சந்தையோடு ஏறி இறங்குவதா என்ற கேள்வி பல வீடுகளில் உண்மையாகவே எழுந்தது. அதற்கு முன்பே, வீடுகள் மின் விற்பனையாளரைத் தாமே தேர்ந்தெடுக்க வழிசெய்யும் திறந்த மின்சாரச் சந்தை 2018 ஏப்ரலில் ஜூரோங்கில் முன்னோட்டமாகத் தொடங்கி 2019 மே மாதத்துக்குள் தீவு முழுவதற்கும் விரிந்தது. புளோக்கின் கீழ்த்தளத்திலும் பேரங்காடி வாசலிலும் மேசை போட்டு, பற்றுச்சீட்டு தருகிறோம், நண்பரைச் சேர்த்துவிட்டால் கழிவு தருகிறோம் என்று விற்பனையாளர்கள் கூவிய காலம் அது. ஏறத்தாழ பாதிக் குடும்பங்கள் மாறிக்கொண்டன. எல்லாரும் பார்த்தது ஒன்றைத்தான்: எது குறைவு?

விற்பனையாளரை மாற்றாத வீடுகளுக்கு எஸ்பி குழுமம் வாங்கும் கட்டணம் நாளுக்கு நாள் மாறுவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எரிசக்திச் சந்தை ஆணையத்தின் நெறிமுறைப்படி மாறுகிறது. அதிலுள்ள எரிபொருள் பகுதி, முந்தைய காலாண்டின் முதல் இரண்டரை மாத எரிவாயு விலையின் சராசரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நம் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருவதால், உலகில் எங்கோ எரிவாயு விலை ஏறினால் அடுத்த காலாண்டில் அது தோ பாயோவில் தெரியும். இறங்கினாலும் அப்படியே, சற்றுத் தாமதமாகத்தான் தெரியும்.

நிலையான விலைத் திட்டத்தில் ஒப்பந்தக் காலம் முழுவதும் யூனிட் விலை மாறாது. பலர் ஏமாறுவது மூன்றாவது வகையில்: எஸ்பி கட்டணத்திலிருந்து இத்தனை விழுக்காடு கழிவு என்னும் திட்டம். தேக்காவில் தீபாவளிச் சந்தைக்குப் போய்ப் பழகிய நமக்குக் கழிவு என்றாலே கை தானாக நீளும். ஆனால் 30.17 காசில் 5 விழுக்காடு கழித்தாலும் 28.66 காசு கட்டியாக வேண்டும். அடிப்படைக் கட்டணம் ஏறும்போது கழிவு போக மீதியும் சேர்ந்தே ஏறும். இதுவும் ஏறி இறங்கும் திட்டம்தான். இதைப் பாதுகாப்பு என்று நினைத்துக் கையெழுத்திட்டவர்கள் உண்டு.

2021 அக்டோபரில் நடந்ததை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. மொத்தச் சந்தையில் அரை மணிக்கு ஒருமுறை மாறும் மின்விலை தாறுமாறாக எகிறியது. சொந்த மின்னிலையம் இல்லாமல், அந்தச் சந்தையில் வாங்கி மலிவான நிலையான விலைக்கு விற்றுக்கொண்டிருந்த சில நிறுவனங்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஐஸ்விட்ச், ஓம் எனர்ஜி, பெஸ்ட் எலக்ட்ரிசிட்டி ஆகியவை அடுத்தடுத்துச் சந்தையைவிட்டு வெளியேறின. மின்சாரம் ஒரு நொடியும் தடைபடவில்லை. வாடிக்கையாளர்கள் எஸ்பி குழுமத்துக்கு மாற்றப்பட்டார்கள். ஆனால் விலையைப் பூட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தவர்கள், விலை ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் வெளியே நின்றார்கள். புதிய வாடிக்கையாளர்களைச் சேர்ப்பதை அப்போது பல விற்பனையாளர்கள் நிறுத்தியிருந்தார்கள். பின்பலமுள்ள நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்தவர்களுக்கோ பழைய விலை கடைசி நாள்வரை கிடைத்தது.

குற்றம் யாருடையது? ஏற்றத்துக்கு எதிராக முன்கூட்டியே காப்புச் செய்யாமல் விற்ற நிறுவனங்களுடையது முதலில். அத்தகைய நிறுவனங்கள் உள்ளே வர இடம்கொடுத்த விதிமுறைகளுடையது அடுத்து. பின்னர் நிபந்தனைகள் கடுமையாக்கப்பட்டன. அது சரியான நடவடிக்கை, ஆனால் முன்பே வந்திருக்க வேண்டும். நம் பங்கும் உண்டு. யூனிட்டுக்கு அரைக் காசு குறைவு என்றதும், விற்பவர் யார், அவர் எங்கிருந்து வாங்குகிறார் என்று கேட்காமல் ஓடியவர்கள் நாம்தான். அந்த ஓட்டத்தை நம்பித்தான் அவர்கள் கடை விரித்தார்கள்.

ஆகவே இந்தத் தேர்வை வெறும் லாபக் கணக்காகப் பார்க்க வேண்டாம். கட்டணம் திடீரென 30 வெள்ளி கூடினால் மளிகையில் கை வைக்க வேண்டிய குடும்பம் என்றால், நிலையான விலை சற்றே அதிகமாக இருந்தாலும், வலுவான நிறுவனமாகப் பார்த்து அதையே எடுப்பது நல்லது. விலை பின்னர் இறங்கலாம். அந்த வித்தியாசத்தை நிம்மதிக்குக் கொடுத்த விலையாக எண்ணிக்கொள்ளலாம். சேமிப்பு உள்ளவர்கள், மூன்று மாத ஏற்றத்தைத் தாங்கக்கூடியவர்கள் எஸ்பி கட்டணத்தோடு தாராளமாகப் போகலாம். எரிவாயு விலை அடுத்த ஆண்டு எங்கே இருக்கும் என்று காப்பிக்கடையில் ஆருடம் சொல்பவரை நம்பி முடிவெடுப்பதைத்தான் தவிர்க்க வேண்டும்.

விற்பனையாளர்கள் தங்கள் பங்காகச் செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகையையும் ஒப்பந்தம் முடிந்தபின் என்ன விலை என்பதையும் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடட்டும். தமிழோ சீனமோ மட்டும் தெரிந்த முதியவரிடம் ஆங்கிலத் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவது விற்பனையே அல்ல. விற்பனையாளரை மாற்றினால் அரசாங்கம் தரும் யூ-சேவ் கழிவு நின்றுவிடுமோ என்று பயந்தே பல முதியவர்கள் எதையும் விசாரிப்பதில்லை. அது நிற்காது என்பதை அடித்தள அமைப்புகள் வீடு வீடாகச் சொல்ல வேண்டும்.

எந்தத் திட்டத்தில் இருந்தாலும் செலவாகும் யூனிட்டைக் குறைக்கும் வேலை நம்முடையதுதான். வீட்டு மின்செலவில் கிட்டத்தட்ட கால் பங்கைக் குளிரூட்டி விழுங்குகிறது. அதை 25 பாகையில் வைத்து மின்விசிறியையும் போட்டுக்கொண்டால் தூக்கம் கெட்டுவிடாது. மின்விலையில் வந்து சேரும் கரிம வரி 2024இல் டன்னுக்கு 25 வெள்ளியானது. 2026இல் 45 வெள்ளி. எரிவாயு மலிந்தாலும் மின்சாரம் பழைய விலைக்குத் திரும்பும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இந்த வாரக் கடைசியில் உங்கள் மின் ஒப்பந்தத்தை எடுத்து அது முடியும் தேதியையும் இடையில் விலகுவதற்கான கட்டணத்தையும் பாருங்கள். அப்படியே, அதே தளத்தில் தனியாக இருக்கும் முதியவர் வீட்டுக் கதவைத் தட்டி, அவருடைய தாளையும் வாசித்துச் சொல்லுங்கள்.