'அல்' இருந்தால் அரபா?

'எட்டு' நம்மட சொல், அதைத்தான் வெள்ளைக்காரன் 'எயிட்' ஆக்கினான். 'ஒன்று' போய் 'வன்' ஆச்சு. வட்ஸ்அப்பில் இப்படி ஒன்று வந்து விழுந்தால் போதும், நம்மட பொடியன்மார் இதயம் போட்டு அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடுவாங்க. நம்மட கரையில் இதுக்கு இன்னொரு அணியும் இருக்கு. அலுமாரியில் 'அல்' வருது, ஆகவே அது அரபுச் சொல்லாம்! இரண்டு கூட்டமும் செய்றது ஒரே வேலை: குடி விசாரிக்காமல், ஓசையை மட்டும் கேட்டுக் கலியாணம் முடித்து வைக்கிறது.

கொஞ்சம் விசாரிப்போம். எட்டின் பழைய வேர் 'எண்'. எண்பதிலும் எண்ணூறிலும் அது இன்னும் அப்படியே நிற்குது. 'எயிட்'டின் சொந்தக்காரர் ஜெர்மனில் 'அஹ்ட்', லத்தீனில் 'ஒக்டோ'. உண்மையான உறவென்றால் பின்னுக்குப் போகப் போக இரண்டும் நெருங்கி வரவேண்டும். இங்கே விலகிப் போகுது. ஐரோப்பிய மொழிகளுக்குள்ளேயே இந்தப் பொறி இருக்கு. ஆங்கில 'டே', போர்த்துக்கேய 'தியா' இரண்டுக்கும் பொருள் நாள்தான், வேர் வேறு. ஆங்கில 'மச்', ஸ்பானிய 'முச்சோ' இரண்டும் அதே மாதிரி.

தமிழின் பெருமைக்கு இந்தப் பொய் எதுக்கு? கட்டுமரம் 'கட்டமரான்' ஆனது, மிளகுத்தண்ணி 'மல்லிகட்டானி' ஆனது. போன வழி தெரிந்த சொற்கள் அவை.

சரி, அலுமாரிக்கு வருவோம். அது போர்த்துக்கேய 'அர்மாரியு', அதற்கு முந்தி லத்தீன் 'அர்மாரியம்'. கருவி, ஆயுதம் என்ற பொருளுள்ள 'அர்மா'விலிருந்து பிறந்தது. அரபு 'அல்'லுக்கு அதில் இடமே இல்லை. அரபு தேடுறவருக்குப் போர்த்துக்கேயத்திலேயே அசல் சரக்கு கிடக்கு. பஞ்சுக்கு அவர்கள் சொல்ற 'அல்கொதாவ்', அரபு 'அல்குத்ன்' தான்.

வீட்டை ஒருக்கா சுற்றிப் பாருங்க. கதிரை, சப்பாத்து, பாண், குசினி, அலவாங்கு எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போனது. கந்தோர் ஒல்லாந்தருடையது. இப்ப ஒரு விசயம். 1626இல் போர்த்துக்கேயர் தங்கட ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தினாங்க. அவர்களில் நாலாயிரம் பேரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று வரலாற்று நூல்கள் சொல்லுது. துரத்தினவன்ட கதிரையில்தான் நாம இன்றைக்கும் குந்துறோம், அவன்ட பாணைத்தான் விடியத் தின்னுறோம். கதிரைக்குத் தமிழ் வேரும் அலுமாரிக்கு அரபு வேரும் ஒட்டுறவர் பெருமை தேடித் தரல்ல, இந்தக் கதையைத்தான் நம்மட கையிலிருந்து பறிக்கிறார்.

மட்டக்களப்புப் பறங்கியர் சிலர் அந்தப் போர்த்துக்கேயத்தை இன்னும் வீட்டில் பேசுறாங்க. கல்முனையில் பஸ் ஏறினால் போய்ச் சேர்ற தூரம்தான். நம்மட வட்ஸ்அப் புலவர் எவரும் அங்கே போய் ஒரு சொல்லாவது கேட்டு வந்ததாகத் தெரியல்ல.