நாணயமா, இனாமா?

ஐக்கிய அமெரிக்காவில் சர்க்கார் அச்சடிக்காத ஒரு நாணயம் வழங்கி வருகிறது. அதற்கு ராஜமுத்திரை கிடையாது. தங்கமோ வெள்ளியோ ஆதாரமாக நிற்கவில்லை. கடைகளில் கிரெடிட் கார்டைக் காட்டிப் பொருள் வாங்குவோர் பெயரில் பாங்கிகள் எழுதிவைக்கும் பாயிண்டுகளும், அவற்றை விமானக் கம்பெனிக்கு மாற்றினால் கிடைக்கும் மைல்களுமே அந்த நாணயம். இம்மைல்களைக் கொடுத்து டிக்கெட் பெற்றுக் கடல் கடந்து செல்வோர் பலர். எந்தப் பாயிண்டை எந்தக் கம்பெனிக்கு எப்போது மாற்றுவது என்பதை ஒரு வித்தையாகவே பயின்று தேர்ந்தவர்களும் உண்டு. அவர்களுடைய சாமர்த்தியத்தை நாம் குறைகூற வரவில்லை. நாம் கேட்பது ஒன்றே: இந்த மைல் உழைத்து ஈட்டிய சொத்தா, அல்லது கம்பெனி மனமிரங்கிக் கொடுக்கும் இனாமா?

இதன் பூர்வ சரித்திரத்தைச் சிறிது கவனிப்போம். 1978-ல் அமெரிக்கக் காங்கிரஸ் விமானப் போக்குவரத்தின் மீதிருந்த கட்டுப்பாட்டை நீக்கிச் சட்டம் செய்தது. கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரம் சர்க்காரிடமிருந்து கம்பெனிகளின் கைக்கு மாறிற்று; போட்டி மூண்டது. 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனி, பிரயாணிகள் தன் விமானத்தில் பறக்கும் மைல்களைக் கணக்கு வைத்து, அது ஒரு தொகைக்கு வந்ததும் பரிசு டிக்கெட் தருவதாக அறிவித்தது. யுனைடெட் கம்பெனியும் அவ்வாண்டே அதைப் பின்பற்றிற்று. பத்தாண்டு கழித்து, 1991-ல், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தன் கார்டுக்காரர்கள் செலவு செய்து சேர்த்த பாயிண்டுகளை விமான மைல்களாக மாற்றிக்கொள்ள வழி திறந்தது. அது முதல் மைலுக்கும் தூரத்துக்கும் இருந்த சம்பந்தம் அறுந்துபோயிற்று. விமானத்தில் கால் வைத்தறியாத ஒருவர் மளிகையும் பெட்ரோலும் வாங்கியே லட்சம் மைல் சேர்த்துவிடலாம்.

மாற்றும் முறை மேலுக்கு மிக எளிது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பாயிண்டு ஆயிரத்தைக் கொடுத்தால் டெல்டா கம்பெனியின் மைல் ஆயிரம் கிடைக்கும். சேஸ் பாங்கியின் பாயிண்டு ஆயிரத்துக்கு யுனைடெட்டின் மைல் ஆயிரம். ஆனால் இவ்வாசல் ஒருவழி வாசல் என்பதை மறக்கலாகாது. பாயிண்டு பாங்கியில் இருக்கும்வரை பல கம்பெனிகளில் எதை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளும் உரிமை கார்டுக்காரருக்கு உண்டு. ஒரு கம்பெனிக்கு மாற்றிய கணத்திலேயே அந்த உரிமை போய்விடுகிறது. மாற்றியதைத் திருப்பித் தரமாட்டார்கள். வாங்கிய துணி சாயம் போனால் கடைக்காரரிடம் திரும்பிச் சென்று சண்டையாவது போடலாம்; இங்கே அதற்கும் இடமில்லை.

மாற்றிய மைலுக்கு என்ன விலை? முன்பெல்லாம் கம்பெனிகள் ஒரு பட்டியலை வெளியிட்டிருந்தன. இன்ன பிரதேசத்திலிருந்து இன்ன பிரதேசத்துக்கு இத்தனை மைல் என்று அதிலே கண்டிருக்கும். அதைப் பார்த்து, வேண்டிய அளவுக்குச் சேர்ப்பார்கள். 2015-ல் டெல்டா அந்தப் பட்டியலை எடுத்துவிட்டது. 2019-ல் யுனைடெட்டும் 2023-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் அவ்வழியே சென்றன. இப்போது தேவையைப் பொறுத்துக் கம்பெனி அன்றன்று சொல்வதே விலை. தராசும் படிக்கல்லும் வியாபாரியிடம் இருப்பது வழக்கந்தான். ஆனால் சரக்குக்குப் பணம் வாங்கிய பிறகு படிக்கல்லைத் தன் இஷ்டப்படி மாற்றுகிற வியாபாரியை எந்தச் சந்தையில் சகித்துக்கொள்வார்கள்?

கோர்ட்டுக்குப் போகலாமே என்று சிலர் கேட்கக்கூடும். போய்ப் பார்த்தாயிற்று. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1988-ல், அங்கத்தினர் ஏற்கெனவே சேர்த்திருந்த மைல்களையும் கட்டுப்படுத்தும்படி, பரிசு ஆஸனங்களுக்கு வரம்பும், பரிசு டிக்கெட் செல்லாத நாட்களும் விதித்தது. பாதிக்கப்பட்டவர்கள் இல்லினாய் மாகாணத்தின் மோசடித் தடுப்புச் சட்டத்தைக் காட்டி வழக்குத் தொடர்ந்தார்கள். 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது: விமானக் கட்டணம், மார்க்கம், சேவை ஆகியவற்றில் மாகாணச் சட்டங்கள் குறுக்கிடுவதை 1978-ம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது, ஆகையால் மோசடித் தடுப்புச் சட்டம் பயன்படாது, ஒப்பந்தத்தை மீறியதாக வேண்டுமானால் வழக்காடலாம். ஒப்பந்தத்தை எழுதியவர் யார்? கம்பெனிதான். 'நிபந்தனைகளை எப்போது வேண்டுமாயினும் மாற்றுவோம்' என்ற ஷரத்தை அதில் நுழைத்தவர் யார்? அதுவும் கம்பெனிதான்.

2014-ல் இன்னொரு கதவும் அடைபட்டது. பின்னர் டெல்டாவுடன் இணைந்துவிட்ட நார்த்வெஸ்ட் கம்பெனி, 2008-ல் ஓர் அங்கத்தினரைத் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டது. ஒப்பந்தத்தை நல்லெண்ணத்தோடு நடத்தவேண்டும் என்று மாகாணச் சட்டம் விதிக்கும் கடமையை அவர் எடுத்துக் காட்டினார். அக்கடமையும் 1978-ம் வருஷத்துச் சட்டத்தின் முன் நிற்காது என்று சுப்ரீம் கோர்ட்டு ஏகமனதாகக் கூறிற்று. நீதிபதிகள்மீது குற்றமில்லை, இருக்கிற சட்டத்தைத்தான் அவர்கள் வாசித்தார்கள். சட்டத்தைச் செய்தவர்களே அதைத் திருத்தவேண்டியவர்கள்.

அங்கத்தினரிடம் இவ்வாறு 'மைல் உமது சொத்தல்ல' என்று பேசும் கம்பெனிகள் கடன்காரரிடம் எப்படிப் பேசுகின்றன? 2020-ல் கொள்ளைநோய் பரவி விமானங்கள் தரையில் முடங்கின. பணமில்லாமல் தத்தளித்த யுனைடெட், தன் மைல் திட்டத்தையே ஈடுகாட்டி 680 கோடி டாலர் கடன் திரட்டிற்று. டெல்டா அதேபோல் 900 கோடி டாலர் திரட்டிற்று. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2021-ல் 1,000 கோடி. அச்சமயம் யுனைடெட்டின் மைல் திட்டத்துக்குப் போடப்பட்ட மதிப்பு சுமார் 2,200 கோடி டாலர். அன்று அக்கம்பெனியின் பங்குகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சந்தையில் கிடைத்த விலையைவிட அது அதிகம்! பாங்கிகள் மைல்களை விலைகொடுத்து வாங்குகின்றன; அந்த வருமானமே ஈட்டுக்குப் பலம். 2024-ல் மட்டும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸிடமிருந்து டெல்டாவுக்கு வந்த தொகை சுமார் 740 கோடி டாலர். ஆக, கடன் வாங்கும்போது மைல் பொக்கிஷம். அங்கத்தினர் கணக்குக் கேட்கும்போது இனாம். ஒரே பொருளுக்கு இரண்டு நாக்கால் இரண்டு பெயர் சொல்வது வியாபார தர்மமாகாது.

இனாம் என்ற வாதத்தை அடியோடு தகர்ப்பது மற்றொரு விஷயம். இந்தப் பாயிண்டுகளுக்கான பணம் பாங்கி முதலாளியின் சொந்தப் பெட்டியிலிருந்து வருவதன்று. கார்டால் நடக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் கடைக்காரரிடமிருந்து ஒரு கழிவு பிடிக்கப்படுகிறது. அமெரிக்காவில் அது ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு. கடைக்காரர் அதைச் சரக்கின் விலையில் சேர்க்கிறார். கார்டு உள்ளவரும் இல்லாதவரும் பெரும்பாலும் ஒரே விலைதான் கொடுக்கிறார்கள். பாயிண்டோ கார்டு உள்ளவருக்கு மட்டுமே. பாஸ்டன் நகர ரிஸர்வ் பாங்கியின் பொருளாதார நிபுணர்கள் 2010-ல் இதை ஆராய்ந்து வெளியிட்ட கணக்கின்படி, ரொக்கம் கொடுக்கும் குடும்பம் ஒன்று சராசரியாக வருஷத்துக்கு 149 டாலர் இழக்கிறது. கார்டு உபயோகிக்கும் குடும்பம் 1,133 டாலர் பெறுகிறது. கூலி வாங்கி அன்றே அரிசிக்கும் ரொட்டிக்கும் கொடுப்பவன் தலையில் விழும் இந்த மறைமுக வரி, மேல்வகுப்பு ஆஸனத்தில் சாய்ந்து செல்பவருக்கு மானியமாகிறது. ஊரார் பணத்தில் வந்ததை இனாம் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

'இஷ்டமில்லாதவர் சேரவேண்டாமே' என்பது கம்பெனிகளின் பதில். சேராதவரும் விலையில் பங்கு கொடுக்கிறாரே, அவருக்கு என்ன பதில்? கழிவைக் குறைத்தால் லாபம் கடைக்காரருக்கே போகும் என்கிறார்கள். 2011-ல் டெபிட் கார்டுக் கழிவுக்கு வரம்பு வந்தபின் சரக்கு விலை குறைந்ததா என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் ஐரோப்பிய ஐக்கியம் 2015-ல் கிரெடிட் கார்டுக் கழிவை நூற்றுக்கு 0.3 என்று கட்டுப்படுத்திற்று. அதனால் அங்கே வியாபாரம் நின்றுவிடவில்லை.

செய்யவேண்டியது என்ன? அமெரிக்கக் காங்கிரஸ் 2009-ல் செய்த கார்டுச் சட்டம், வட்டியை உயர்த்துமுன் 45 நாள் அறிவிப்புத் தரவேண்டும் என்றும், பழைய பாக்கிக்குப் புது வட்டி போடலாகாது என்றும் விதிக்கிறது. கடன்பட்டவருக்குக் கொடுத்த அப்பாதுகாப்பைச் சேமித்தவருக்கும் கொடுத்தால் போதும். பரிசு டிக்கெட்டின் விலைப்பட்டியல் பகிரங்கமாக இருக்கவேண்டும். உரிய அறிவிப்பின்றி அதை உயர்த்தலாகாது. மாற்றியும் செலவழியாத மைலைக் குறித்த நாட்களுக்குள் பாங்கிக்கே திருப்பும் உரிமை வேண்டும். மைல் திட்டங்களை 1978-ம் வருஷத்துச் சட்டத்தின் கவசத்திலிருந்து விலக்கவேண்டும். 2024-ல் அந்நாட்டுப் போக்குவரத்து இலாகா நான்கு பெரிய கம்பெனிகளிடம் இவ்விஷயமாக விளக்கம் கேட்டது. விளக்கம் கேட்பதோடு நில்லாமல் சட்டம் பிறக்கவேண்டும்.

அந்நிய நாட்டு விவகாரம் என்று நாமும் அலட்சியமாக இருப்பதற்கில்லை. நம் நாட்டுப் பாங்கிகளும் இன்று கார்டுப் பாயிண்டுகளை விமான மைல்களாக மாற்றித் தருகின்றன. யூபிஐ முறையிலும் ரூபே டெபிட் கார்டிலும் 2020 ஜனவரி முதல் வியாபாரியிடம் கழிவு பிடிப்பதில்லை என்று விதித்த தேசம் இது. சாதாரண ஜனங்களின் பணப்புழக்கத்துக்கு நியாயம் வகுத்த நாம், கிரெடிட் கார்டு மைலுக்கும் நியாயம் வகுக்க அமெரிக்கா விழிக்கும்வரை காத்திருக்க வேண்டுமா?

அதுவரை கார்டுக்காரர்களுக்கு நாம் சொல்வது: ஆஸனம் இருப்பதைக் கண்ணால் காணாமல் ஒரு பாயிண்டையும் மாற்றாதீர்கள், மைலைச் சேமித்துவைத்துப் பூதம் காக்காதீர்கள். சட்டசபைகளில் இருப்போருக்கு நாம் சொல்வது: நாணயம் வெளியிடுகிறவன் நாணயமாக நடக்கவேண்டும். தானாக நடக்காதவனை நடக்கச் செய்வதற்கே சட்டம் இருக்கிறது.