வீசாத பந்துக்கும் ஒரு பதிவு

1971 செப்டம்பர் 15. அமெரிக்க பேஸ்பாலின் மேஜர் லீக்கில், ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணிக்காக 21 வயதுப் பந்துவீச்சாளர் லாரி யவுன்ட் ஒன்பதாம் இன்னிங்ஸில் முதன்முறையாகக் களமிறங்கினார். பயிற்சி வீச்சின்போதே முழங்கை வலித்தது. மட்டையாளர் ஒருவரையும் எதிர்கொள்ளாமல் வெளியேறினார்; மேஜர் லீக்கில் மீண்டும் ஆடவே இல்லை. அவருடைய தம்பி ராபின் அதே லீக்கில் 3,142 ஹிட்டுகள் குவித்துப் புகழ்பெற்றார்.

ஆயினும் லாரியின் பெயர் முறைப்படி அறிவிக்கப்பட்டுவிட்டதால், ‘ஆட்டம்: 1’ என்று ஏட்டில் பதிவாயிற்று. இது இரக்கத்தால் விளைந்ததன்று, விதியால் விளைந்தது.

மொழியியலாளருக்கு இது புதிதன்று. எழுவாய் வேற்றுமைக்கு உருபில்லை. எனினும் அதனை முதல் வேற்றுமையாகவே எண்ணுகிறோம். இன்மையும் இலக்கணத்தில் ஓர் இடம் பெறுகிறது.

நம் ஆய்வுத் துறைகளின் ஆண்டறிக்கைகளோ பெரும்பாலும் பட்டம் பெற்றோரை மட்டுமே பட்டியலிடுகின்றன. இடையில் விலகியோர் பதிவு செய்து சேர்ந்தவர்களே. ஆனால் அவர்கள் அதில் இடம்பெறுவதில்லை. உதவித்தொகை தாமதமா, நெறியாளருடன் முரணா, உடல்நலக் குறைவா? எண்ணிக்கையே இல்லாதபோது காரணத்தை யார் தேடுவர்? விலகியோருக்கும் ஆண்டறிக்கையில் ஒரு நிரல் வேண்டும். அவர்களைக் கௌரவிப்பதற்காக மட்டுமன்று, அடுத்தவர் விலகாதிருப்பதற்காகவும்.