21 வயது மேயரும் நம் வீட்டுக் கேலியும்

கொஞ்சம் நீண்ட பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

கேரள உள்ளாட்சித் தேர்தல் முடிந்ததிலிருந்து நம் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் திருவனந்தபுரம் முன்னாள் மேயர் ஆர்யா ராஜேந்திரனைக் கேலி செய்யும் படங்கள் வருகின்றன. "படிக்கிற வயசுல பதவி கொடுத்தா இப்படித்தான்" என்று மேலே ஒரு வரி. அனுப்பியவர்களில் என்னிடம் படித்தவர்களும் உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

2020 டிசம்பரில் பதவியேற்றபோது ஆர்யாவுக்கு வயது 21. பி.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டிருந்தார். அப்பா எலக்ட்ரீசியன், அம்மா எல்.ஐ.சி. முகவர். மேயராக வருவார்கள் என்று பேசப்பட்ட மூத்தவர்கள் தங்கள் வார்டிலேயே தோற்றுப்போனதால்தான் மார்க்சிஸ்ட் கட்சி இந்தப் பெண்ணைத் தேடி வந்தது. அதை முதுமையின் தோல்வி என்று யாராவது படம் போட்டார்களா?

அவர் குறையே இல்லாதவர் என்று நான் சொல்லவில்லை. 2022இல், தற்காலிக வேலைகளுக்குக் கட்சிக்காரர்கள் பட்டியல் கேட்டு அவர் பெயரில் ஒரு கடிதம் வெளியானது. தான் எழுதவில்லை என்றார். 2024இல் அரசுப் பேருந்தை நடுரோட்டில் நிறுத்தி ஓட்டுநரோடு வாக்குவாதம். ஓட்டுநர் ஆபாசமாகச் சைகை காட்டினார் என்பது அவர் புகார், ஓட்டுநர் மறுத்தார். புகார் உண்மையாகவே இருந்தாலும், ஒரு மேயர் போலீசுக்குத்தான் போன் செய்ய வேண்டும், பஸ்சை மறிக்கக் கூடாது. இதையெல்லாம் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் கட்சிப் பட்டியல் வைத்து வேலை கொடுப்பது 21 வயதுக்காரர் கண்டுபிடித்த நோயா? நடுரோட்டில் அதிகாரம் காட்டும் 60 வயதுக்காரரை இலுப்பூர் கடைவீதியில் நீங்கள் பார்த்ததே இல்லையா? 2025 டிசம்பரில் 101 வார்டுகளில் பாஜக 50 பிடித்தது. அந்தத் தேர்தலில் ஆர்யா போட்டியிடவே இல்லை. தோல்விக்கு மட்டும் அவர் முகம்!

18இல் ஓட்டு, 21இல் வார்டு உறுப்பினர், 25இல் எம்.எல்.ஏ. என்கிறது நம் சட்டம். ஆஸ்திரியாவில் 2007 முதல் 16 வயதிலேயே ஓட்டு. நம் பிள்ளைகளிடமோ 'படிச்சு முடிச்சு, வேலைக்குப் போய், அப்புறம் பார்க்கலாம்' என்கிறோம். அந்த 'அப்புறம்' யாருக்கு வந்திருக்கிறது?

1991இல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, ராத்திரியில் அரிக்கேன் விளக்கை வைத்துப் பாட்டிகளின் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவர்களில் எத்தனையோ பேர் இளவட்டங்கள். பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றதும் அப்போதுதான். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு சைக்கிளு" என்றவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று இந்தப் படத்தை அனுப்புகிறீர்கள்.

நம் உறவிலேயே 22 வயதுப் பெண் ஒருத்தி, அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் வார்டுக்கு நிற்கலாமா என்று வீட்டில் கேட்டிருக்கிறாள். பதிலாக அவளுக்குக் காட்டப்பட்டது அந்தக் கேலிப் படம். என்னிடம் வந்தாள். எந்தக் கட்சி என்று நான் கேட்கவில்லை. உன் தெருவில் சாக்கடை எங்கே அடைக்கிறது, என்ன செய்வாய் என்று கேட்டேன். இடம் சொன்னாள், காரணமும் சொன்னாள்.

குழுவில் படம் போட்ட மாப்பிள்ளை, உங்கள் தெருச் சாக்கடை எங்கே அடைக்கிறது? கீழே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.