கைப்பட எழுதியதே இறுதிப் பாடமா?

நூலாசிரியன் தன் கைப்படத் திருத்திய அச்சுப்பிரதியொன்று கிடைத்துவிட்டால் பாட ஆராய்ச்சியே முடிந்துவிட்டது எனக் கருதுவார் நம்மிடையே உளர். ஆசிரியனின் கையெழுத்தே இறுதித் தீர்ப்பு, ஏனைய பதிப்புகள் அதன்முன் தலைகுனிய வேண்டியவை என்பது அவர்தம் கொள்கை. இஃது ஆராய்ச்சியன்று, வழிபாடு என்பதே எமது வாதம். உலகம் நன்கறிந்த பிரதியொன்றையே இதற்குச் சான்றாகக் கொள்வோம்.

பிரெஞ்சு எழுத்தாளரான மிஷேல் த மொன்தேன், 1580 இல் முதலில் வெளியிட்ட தமது 'கட்டுரைகள்' என்னும் நூலை விரித்து, மூன்றாம் புத்தகத்தையும் சேர்த்து, 1588 இல் பாரிசில் மீண்டும் பதிப்பித்தார். அப்பதிப்பின் பிரதியொன்றின் ஓரங்களிலே அதன்பின் அவர் தொடர்ந்து எழுதினார். புதியன சேர்த்தார், பழையன அடித்தார், நிறுத்தக்குறிகளைக்கூடத் திருத்தினார், அச்சகத்தாருக்கு அறிவுறுத்தல்களும் எழுதி வைத்தார். 1592 இல் அவர் மறைந்தார். அப்பிரதி இன்று போர்தோ நகர நூலகத்தில் உள்ளது.

அவர் மறைந்தபின், அவரால் மகளாக ஏற்கப்பெற்ற மாரி த கூர்னே 1595 இல் நூலைப் பதிப்பித்தார். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக உலகம் படித்த மொன்தேன் இப்பதிப்பின் வழிவந்தவரே. ஆயின் 1906 முதல் போர்தோப் பிரதியை மூலமாகக் கொண்ட பெரும்பதிப்பு வெளிவரத் தொடங்கியதும் காற்றுத் திசைமாறியது. இரண்டும் வேறுபட்ட இடங்களிலெல்லாம் கூர்னே அம்மையார் கைவைத்துவிட்டார் என்ற ஐயம் அவர்மீது சுமத்தப்பட்டது. அவரைப் புகழும் பகுதியொன்று 1595 பதிப்பில் உண்டு, போர்தோப் பிரதியில் இல்லை என்பதும் அவ்வையத்துக்கு உரமாயிற்று.

ஐயுறுவதிலே தவறில்லை, ஐயத்தையே தீர்ப்பாக்குவதுதான் தவறு. கையெழுத்துப் பிரதி முழுமையானதா எனக் கேட்போம். பின்னாளில் அதனைக் கட்டுமானஞ் செய்தவர் ஓரங்களை நறுக்கியபோது மொன்தேனின் சொற்களும் உடன் வெட்டுண்டன. அச்சொற்களை மீட்டெடுக்க ஆய்வாளர் நாடுவது எதனை? தாம் ஐயுற்ற அதே 1595 பதிப்பினையே! அதுதான் இறுதிப் பிரதியா என்பதும் உறுதியன்று. கூர்னேயின் பதிப்புக்கு வேறொரு பிரதி மூலமாக இருந்திருக்கலாம் என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். 2007 இல் பிளெயாத் வரிசையில் வெளிவந்த பதிப்பு 1595 இன் பாடத்தையே மீண்டும் அடிப்படையாகக் கொண்டது.

இன்னுமொன்று. கூர்னேயும் தம் பதிப்பின் அச்சுப்பிழைகளைப் பல பிரதிகளிலே தம் கைப்படத் திருத்தினார். ஆசிரியன் பேனாவைப் போற்றுவோர் பதிப்பாசிரியையின் பேனாவை ஏன் போற்றவில்லை? 1622 இல் ஆண் பெண் சமத்துவம் பற்றி நூலெழுதிய அவருக்கு இவ்வோரவஞ்சனை புதுமையாக இருந்திராது.

அவ்வாறாயின் போர்தோப் பிரதிக்கு மதிப்பில்லையா? பெருமதிப்பு உண்டு, அது தெய்வமாக அன்று, சாட்சியாக. தாம் சேர்ப்பதுண்டே தவிரத் திருத்துவதில்லை எனத் தம் நூலிலே சொல்லிக்கொண்டவர் மொன்தேன். அவர் திருத்தியதை, அடித்ததை, மீண்டும் மாற்றியதை அதே பிரதியின் பக்கங்கள் காட்டிக்கொடுக்கின்றன. ஆசிரியனுக்கே எதிராகச் சாட்சி சொல்லவல்ல ஆவணத்தை அவனுடைய இறுதி ஆணையெனக் கொள்வது அதன் பெருமையைக் குறைப்பதாகும்.

தமிழ் பயிலும் எமக்கு இதிலென்ன அக்கறை என வினவலாம். 1887 இல் கலித்தொகையை அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர், சிதைந்த ஏடுகளை ஒப்புநோக்கித் தந்த பதிப்புகளின் மீதன்றோ எமது கல்வி நிற்கின்றது! பதிப்பாசிரியரின் உழைப்பை இரண்டாந்தரமாக்கும் கொள்கை எம் அடித்தளத்தையே பறிப்பதாகும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, தனிப்பிரதியின் கதி என்ன என்பதையும் நாம் கண்டோம். எரிந்த ஏட்டின் ஓரத்திலிருந்த குறிப்பை எந்த வழிபாடும் மீட்டுத் தராது.

ஆதலின் அரிய பிரதிகளைப் பேழைக்குள் பூட்டிப் பெருமை பேசுவதை விடுத்து, அவற்றைப் படியெடுங்கள், ஒப்புநோக்குங்கள், பாடபேதங்களை மறைக்காது அச்சிடுங்கள். ஓரக்குறிப்பு எழுதிய ஆசிரியன் வேண்டியதும் அதுவே. அவன் அச்சகத்தாருக்கன்றோ எழுதினான், அருங்காட்சியகத்துக்கன்று.