கீழே இறங்கும் மெட்டும் யுகுலேலேயும்



உங்கள் வீட்டுப் பிள்ளை யுகுலேலே பழகுகிறதா? நாலைந்து பாட்டு நன்றாக வந்திருக்கும். அடுத்த பாட்டில் மெட்டு ஸட்ஜத்துக்குக் கீழே இறங்கும். அங்கே வாசிக்க இடமே இராது. "விளையாட்டுச் சாமான்தானே!" என்று பெரியவர்கள் சொல்ல, பிள்ளையும் அதை மூலையில் சாத்திவிடும். அப்படி விட்டுவிடாதீர்கள். குறை பிள்ளையிடமும் இல்லை, வாத்தியத்திலும் இல்லை.

அது நம்மைப்போன்ற உழைப்பாளிகளோடு பிறந்த வாத்தியம். 1879-ஆம் ஆண்டு, மதெய்ரா தீவிலிருந்து 400க்கும் மேற்பட்ட போர்த்துக்கீசியர் ஹவாய்க்குக் கப்பலேறினார்கள். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்ட காலம் அது. அவர்களுள் மரவேலை தெரிந்த மூவர், தங்கள் ஊர்ச் சிறு கித்தாரை ஒட்டி ஹொனலூலுவில் செய்து விற்றதுதான் யுகுலேலே ஆயிற்று. மன்னர் கலாகௌவாவின் அரண்மனை வரை அது போயிற்று.

இனி விஷயத்துக்கு வருவோம். இதற்கு 4 தந்திகள்: ஜி, சி, இ, ஏ. முதலில் இருக்கும் ஜி தந்திதான் தாழ்ந்தது என்று தோன்றும். ஆனால் அது சி, இ இரண்டையும்விட உயர்ந்த சுரம். சி தந்திதான் அடிமட்டம். அதையே 'ஸ' என்று வைத்துக்கொண்டால், கீழே நி, த, ப எதற்கும் வழியில்லை.

காசில்லாத வழி, சுருதியை மாற்றுவது. இ தந்தியின் முதல் கட்டையை 'ஸ' ஆக வையுங்கள். இப்போது இ தந்தியை அழுத்தாமல் மீட்டினால் கீழ் 'நி'. சி தந்தியின் 2-ஆம் கட்டை கீழ் 'த'. சி தந்தியை அழுத்தாமல் மீட்டினால் கீழ் 'ப'. மேலே போக, இ தந்தியின் 3-ஆம் கட்டை 'ரி'. ஏ தந்தியில் அழுத்தாமல் 'க', முதல் கட்டை 'ம', 3-ஆம் கட்டை 'ப', 5-ஆம் கட்டை 'த', 7-ஆம் கட்டை 'நி', 8-ஆம் கட்டை மேல் 'ஸ'. இது சங்கராபரணத்தின் சுரவரிசை. மெட்டு கீழ் 'ம' வரை இறங்கினால், இ தந்தியின் 3-ஆம் கட்டையை 'ஸ' ஆக்குங்கள். சி தந்தி 'ம' ஆகிவிடும்.

இறங்கும் சுரங்களை மட்டும் மேல் ஸ்தாயியில் வாசித்துச் சமாளிக்காதீர்கள். படியிறங்கி வருகிறவர் திடீரென்று மாடிக்குத் தாவியதுபோல் இருக்கும். தூக்குவதானால் பாட்டு முழுவதையும் தூக்குங்கள்.

சிறு செலவு செய்ய முடிந்தால், இசைக்கருவிக் கடையில் 'லோ ஜி' தந்தி ஒன்று கேட்டு வாங்குங்கள். அது தடிப்பானது, பழைய ஜி இருந்த இடத்தில் கட்டினால், சி-க்குக் கீழே 5 அரைச்சுரம் கிடைக்கும். சி-யை 'ஸ' ஆக வைத்தே கீழ் 'ப' வரை இறங்கலாம். தந்தி பள்ளத்தில் உட்காராவிட்டால், கடைக்காரரையே அளவாக அராவித் தரச் சொல்லுங்கள். பழைய தந்தியைத் தளர்த்தி இறக்கப் பார்த்தால் தொளதொளவென்று அதிரும், நாதம் வராது.

இன்னும் ஆழம் வேண்டுமென்றால் பாரிட்டோன் யுகுலேலே இருக்கிறது. ஆனால் அதற்கு வேறு வாத்தியமே வாங்கவேண்டும். அவசரப்பட்டு வெள்ளியைக் கொட்டாதீர்கள். முதலில் சுருதியை மாற்றிப் பாருங்கள். பாதியில் நின்ற பாட்டு இன்று மாலையே முழுதாக ஒலிக்கட்டும்.